ஹோஸ்டிங் மாற்றப் போகிறீர்களா? பழைய கம்பெனியிடம் மூச்சு விடுவதற்கு முன்

ஒரு நாள் காலையில் என் தளத்தைத் திறந்தால் கட்டுரைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை வரி: ‘இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’ சர்வரின் பங்கை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டேனாம். சரி, பேக்கப்பையாவது இறக்கிக்கொள்வோம் என்று கன்ட்ரோல் பேனலுக்குப் போனால் அதுவும் பூட்டு. சப்போர்ட்டுக்கு டிக்கெட் (எழுத்தில் புகார்) போட்டேன். பதில் வரவே இல்லை. உண்மையில் அவர்கள் பதில் அனுப்பியிருந்தார்கள். கணக்கில் நான் கொடுத்திருந்த மெயில் முகவரி என் டொமைனிலேயே இருந்தது. அந்த மெயில்பெட்டி அதே சர்வரில், அதே பூட்டுக்குள். வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதை.

ஆறாம் நாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அன்றே வேறு இடத்துக்கு மாறிவிடுவது என்று முடிவெடுத்து, அவசரத்தில் வரிசை தப்பிச் செய்ததால், நாலைந்து மாலைகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை நாலு வாரம் இழுத்தது. நீங்கள் அந்த வரிசையில் தப்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பங்குபோட்டுக்கொள்வது) வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வேறு மென்பொருள் என்றாலும் வரிசை பெரிதாக மாறாது.

ஒன்றே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாம் கைக்கு வரும்வரை பழைய கம்பெனியிடம் ‘நான் போகப் போகிறேன்’ என்று சொல்ல வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ரத்து செய்யும் பட்டனை அழுத்தியவுடன் கணக்கு உடனே மூடப்படுமா, மாதக் கடைசியில் மூடப்படுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். உடனே மூடுகிற இடமாக இருந்தால் தளமும் பேக்கப்பும் ஒன்றாகப் போய்விடும்.

## 1. எது யாரிடம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

‘ஹோஸ்டிங்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நாலு தனித்தனிச் சேவைகள். டொமைன் பெயர், அதை சர்வரின் எண் முகவரியான ஐபி முகவரிக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ், ஃபைல்களும் டேட்டாபேஸும் இருக்கும் சர்வர், மெயில். நாலையும் ஒரே கம்பெனியிடம் வாங்கியிருந்தால் ஒரே பில்லில் வந்திருக்கும். அதனால் நாலும் ஒன்று என்று தோன்றும். ஒரு தாளில் நாலு வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம் இருக்கிறது, லாகின் எது, எப்போது காலாவதி ஆகிறது என்று எழுதுங்கள்.

டொமைன் விவரத்துக்கு, டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். காசு இல்லை. பதிவாளர் (டொமைனைப் பதிவு செய்து தரும் கம்பெனி) யார், காலாவதித் தேதி, நேம்சர்வர்கள் (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்கள்) எவை என்பதெல்லாம் வரும். நிலை என்ற இடத்தில் ‘டிரான்ஸ்ஃபர் புரொஹிபிடெட்’ என்று இருந்தால் பதற வேண்டாம். யாரும் திருடிப் போகாமலிருக்கப் போடும் சாதாரணப் பூட்டு அது.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது பொதுவாக அங்கே தெரியாது. 2018க்குப் பிறகு உரிமையாளர் விவரங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். பதிவாளரின் பேனலுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். தயவுசெய்து பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தன் கணக்கிலேயே, தன் பெயரிலேயே டொமைனை வாங்கியிருப்பது அடிக்கடி நடக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வேலை மாறி, நம்பர் மாறி, பழைய மெயிலைத் திறப்பதையே விட்டுவிட்டிருப்பார். அப்படி இருந்தால் ஹோஸ்டிங் மாற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு, டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள்.

கைவசம் இருக்க வேண்டிய காகிதங்கள்: முதல் பில், கடைசியாகக் கட்டிய பில், பணம் போனதற்கான சான்று, கணக்கு எண், உரிமையாளர் பெயரோடு பொருந்தும் அடையாள அட்டை. நிறுவனத்தின் பெயரில் இருந்தால் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். லாகின் தொலைந்துபோனாலோ கணக்கு பூட்டப்பட்டாலோ நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்ட இவற்றைத்தான் கேட்பார்கள். எனக்குக் கடைசியில் கை கொடுத்தது ஆறு வருடத்துக்கு முந்தைய முதல் பில்தான். பழைய கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது.

## 2. கணக்கின் மெயில் முகவரியை மாற்றுங்கள்

ஹோஸ்டிங் கணக்கு, டொமைன் கணக்கு இரண்டிலும் தொடர்பு முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்கக் கூடாது. வெளியே உள்ள ஏதாவது ஒரு மெயில் சேவையில் இருக்கட்டும். ஐந்து நிமிட வேலை. நான் இதைச் செய்திருந்தால் முதல் மூன்று நாள் கத்தல் மிச்சமாகியிருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. கணக்கின் லாகின் மெயில் வேறு, டொமைன் உரிமையாளர் பதிவில் இருக்கும் மெயில் வேறு. முதலாவதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டாவதை மாற்றினால் சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் டொமைனையே முடக்கிவிடலாம். ஸ்பேமில் போய் விழுந்திருக்கும், தேடி எடுங்கள். அது போக, டாட் காம் போன்ற பொது டொமைன்களில் உரிமையாளரின் பெயரையோ மெயிலையோ மாற்றினால் அடுத்த 60 நாளுக்கு வேறு பதிவாளருக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழலாம். மாற்றும் நேரத்திலேயே ‘பூட்டு வேண்டாம்’ என்று தேர்வு செய்யச் சில பதிவாளர்கள் இடம் தருகிறார்கள். அந்தச் சின்னப் பெட்டியைப் பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள்.

## 3. டொமைனைக் கூடவே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

தளத்தை மாற்ற டொமைனை இடம் மாற்ற வேண்டியதில்லை. டொமைன் பழைய பதிவாளரிடமே இருக்கட்டும், அது எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும். ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றப் போனால், தளம் விழும்போது எதனால் விழுந்தது என்றே தெரியாது. முதலில் தளம். ஒரு மாதம் நிம்மதியாக ஓடியபின் டொமைன்.

அப்போது தெரிந்திருக்க வேண்டியவை இவை. புதிதாக வாங்கியோ இடம் மாற்றியோ 60 நாள் ஆகாத டொமைனை மறுபடி மாற்ற விடமாட்டார்கள். பூட்டைத் திறந்து, இடமாற்றக் குறியீடு ஒன்றை வாங்க வேண்டும். அதைக் கேட்ட 5 நாளுக்குள் பழைய பதிவாளர் தந்தாக வேண்டும் என்பது ஐகேனின் விதி. குறியீட்டைப் புதிய இடத்தில் கொடுத்தபின், பழையவர் கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தாலும் 5 நாளில் தானாகவே மாறிவிடும். புதிய இடத்தில் ஒரு வருடக் கட்டணம் கட்ட வேண்டும். அது வீணில்லை, காலாவதித் தேதி ஒரு வருடம் தள்ளிப்போகும். இதெல்லாம் பொது டொமைன்களுக்கு. நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் அந்தந்த நாட்டின் பதிவகம் வைத்ததே விதி.

காலாவதி நெருங்கும்போது மாற்றத்தில் இறங்க வேண்டாம். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் மெயில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. அது உரிமையாளர் பதிவிலுள்ள மெயிலுக்குத்தான் வரும் (இரண்டாம் படி ஞாபகம் இருக்கட்டும்). தவறவிட்டால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள்வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடம் தரலாம், தராமலும் போகலாம். அதையும் தாண்டி டொமைன் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம். அதில் மீட்பதற்கு வாங்கும் கட்டணம் புதுப்பிப்பைப் போலப் பல மடங்கு. அப்புறம் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

‘ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்’ என்று வாங்கியவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். பல இடங்களில் ஹோஸ்டிங்கை ரத்து செய்யும்போது அந்த டொமைனுக்குத் தனியாகப் பணம் பிடிப்பார்கள், அல்லது திரும்பத் தரும் தொகையிலிருந்து கழிப்பார்கள்.

## 4. பேக்கப் எடுங்கள், எடுத்ததைத் திறந்து பாருங்கள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய படி இது. நான் கோட்டை விட்டதும் இங்கேதான்.

சி-பேனல் என்ற கன்ட்ரோல் பேனலில் ‘முழு பேக்கப்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் எல்லாவற்றையும் கட்டி ஒரே ஃபைலாகத் தரும். நல்லதுதான், எடுத்து வையுங்கள். ஆனால் அந்த ஃபைலைப் புதிய இடத்தில் நீங்களாக ஏற்ற முடியாது. புதிய கம்பெனிக்காரர்கள்தான் அவர்கள் பக்கத்திலிருந்து ஏற்ற வேண்டும். அவர்களும் சி-பேனல் வைத்திருந்தால்தான் அது நேராக நடக்கும். அதனால் தனித்தனியாகவும் எடுங்கள்: ஃபைல்கள், டேட்டாபேஸ், மெயில், டிஎன்எஸ் பதிவுகள், நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள். கடைசி இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் போதும். டிஎன்எஸ் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விடாமல் எடுங்கள், அதில் டெக்ஸ்ட் பதிவுகள் நீளமாகப் போய் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

ஃபைல்களை எடுக்கும்போது புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது. பக்க முகவரிகளை நடத்தும் எச்டிஆக்சஸ் ஃபைல் அப்படிப்பட்டது. ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அது விட்டுப்போனால் முகப்புப் பக்கம் மட்டும் திறக்கும், உள்ளே எதைத் தொட்டாலும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழை வரும். படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் சிப் வேண்டாம், டார் ஜீசிப் ஆகக் கட்டுங்கள். சிப்பை விண்டோஸில் பிரித்து மறுபடி கட்டும்போது தமிழ்ப் பெயர்கள் சிதைந்து, ஏற்றியபின் படத்துக்குப் பதில் வெறும் சட்டம் மட்டும் தெரியும்.

டேட்டாபேஸுக்கு வருவோம். பெரிய டேட்டாபேஸைப் பிரவுசர் வழியாக எடுத்தால் நேரம் முடிந்து பாதியில் நின்றுவிடலாம். அப்போதும் ஃபைல் இறங்கும், அதன் பெயரும் ஒழுங்காகத்தான் இருக்கும். உள்ளே மட்டும் முக்கால்வாசிதான். எஸ்எஸ்எச் வசதி (சர்வரில் நேராகக் கட்டளை அடிக்கும் வழி) இருந்தால் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் எடுங்கள். அப்படி எடுத்த ஃபைலின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்ற வாசகமும் தேதியும் இருக்கும். அந்த வரி இல்லையென்றால் அது பேக்கப் இல்லை.

அடுத்தது நம் ஆட்களுக்கென்றே இருக்கும் தலைவலி. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். பழைய தளங்கள் பலவற்றில் டேபிள்கள் ‘லத்தீன்1’ (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று குறிக்கப்பட்டிருக்கும், உள்ளே இருப்பதோ யுடிஎஃப்-8 பைட்கள். பழைய சர்வரில் எழுதுவதும் படிப்பதும் ஒரே தப்போடு நடப்பதால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டித் தமிழ் அழகாகத் தெரியும். எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் வைத்தால் கட்டுரை முழுக்கக் கொம்பும் குறியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக நிற்கும். அல்லது இப்படி நிற்கும்: ?????? ????.

இரண்டும் ஒன்றல்ல. ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பைட்கள் பத்திரமாக இருக்கின்றன, மீட்டுவிடலாம். கேள்விக்குறியாக வந்திருந்தால் அந்தப் பிரதியில் தமிழ் அழிந்தேவிட்டது. மறுபடி மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மூலக் கணக்கை மூடியிருந்தால்? அதனால்தான் சொல்கிறேன், எடுத்த டம்ப் ஃபைலை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கட்டுரைத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். தமிழ் தமிழாகத் தெரிந்தால் சரி. குப்பையாக இருந்தால், கேரக்டர் செட் லத்தீன்1 என்று குறிப்பிட்டு மறுபடி டம்ப் எடுங்கள். தமிழ் ஒழுங்காக வரும். பிறகு அந்த ஃபைலுக்குள் கேரக்டர் செட்டைச் சொல்லும் இடங்களில் மட்டும் லத்தீன்1 என்பதை யுடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். முதலில் ஒரு நகலில் செய்து பாருங்கள். எனக்கு இதற்கே இரண்டு இரவு போயிற்று.

எடுத்த பேக்கப்பில் ஒரு பிரதி உங்கள் கம்ப்யூட்டரில், இன்னொன்று வேறு எங்காவது. ‘அவர்கள் தினமும் பேக்கப் எடுக்கிறார்கள்’ என்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது இருப்பது அவர்களுடைய பூட்டுக்குள்.

## 5. புதிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும். அதுவும் இரண்டு, மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் அந்த மாத விலை. புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதுதான் உண்மை விலை. சின்ன எழுத்தில் அதே பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு ஆவது இந்தத் தொழிலில் சாதாரணம். என் யோசனை, முதல் முறை மூன்று வருடத்துக்குக் கட்டாதீர்கள். மாதக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இரண்டு மூன்று மாதம் பாருங்கள். அந்தக் கூடுதல் தொகை தப்பான இடத்தில் மூன்று வருடம் மாட்டிக்கொள்வதைவிட மலிவு.

‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் உடனே ஐநோட் வரம்பு என்ன என்று கேளுங்கள். ஐநோட் என்பது ஏறக்குறைய ஃபைல்களின் எண்ணிக்கை. ஜிபி கணக்கில் வரம்பில்லை என்பவர்கள் எண்ணிக்கையில் வரம்பு வைத்திருப்பார்கள். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் வெட்டிப் பல ஃபைல்களாக வைக்கும், மெயில் ஒவ்வொன்றும் ஒரு ஃபைல். எதிர்பாராத வேகத்தில் நிரம்பும்.

‘99.9 சதவீதம் தளம் இயங்கும்’ என்ற உத்தரவாதத்துக்கு அர்த்தம் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம், வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் படுக்கலாம் என்பது. அதை மீறினாலும் பணமாகப் பெரும்பாலும் தரமாட்டார்கள், அடுத்த பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள். அதுவும் நீங்கள் கேட்டால்.

பணம் கட்டுவதற்கு முன் சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள். சேல்ஸ் சாட் வேண்டாம், அங்கே எல்லோரும் இனிமையாகப் பேசுவார்கள். நான் கேட்ட கேள்விகள் இவை: கணக்கு நிறுத்தப்பட்டாலும் என் பேக்கப்பை நான் இறக்கிக்கொள்ள முடியுமா? பேக்கப்பிலிருந்து மீட்டுத்தரக் கட்டணம் உண்டா? இடமாற்றம் செய்து தருவீர்களா, எத்தனை தளம்வரை இலவசம், மெயிலும் சேர்த்தா? எந்த நிலையில் கணக்கை நிறுத்துவீர்கள், நிறுத்துமுன் எத்தனை மணி நேரம் முன்னறிவிப்பு? மூன்று கம்பெனிகளிடம் கேட்டேன். ஒருவர் விளம்பரப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார். இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாமவர் கடைசிக் கேள்விக்கு ‘அது சர்வரின் நிலைமையைப் பொறுத்தது, சில நேரம் முன்னறிவிப்பு தர முடியாது, ஆனால் பேனல் திறந்தே இருக்கும்’ என்று எழுதியிருந்தார். அவரிடம்தான் போனேன்.

பணம் திரும்பத் தரும் காலம் பல இடங்களில் 30 நாள். டொமைன் கட்டணம் அதில் சேராது. அந்த 30 நாள் நீங்கள் பணம் கட்டிய அன்றே ஓடத் தொடங்கும். பேக்கப் தயாராகும் முன் வாங்கி வைக்காதீர்கள்.

செலவைக் கூட்டும்போது இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்டும் ஒரு மாதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள்தான் தளத்தை இழக்கிறார்கள்.

## 6. புதிய இடத்தில் ஏற்றி, யாருக்கும் தெரியாமல் சோதியுங்கள்

டேட்டாபேஸ் உருவாக்கி, டம்ப்பை ஏற்றி, ஃபைல்களைப் பிரித்து வைத்து, வேர்ட்பிரஸின் கான்ஃபிக் ஃபைலில் புதிய டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்டு போட வேண்டும். ஏற்றும்போது ‘தெரியாத கொலேஷன்’ (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) என்று பிழை வந்தால், டேட்டாபேஸ் மென்பொருள் பழைய இடத்தில் மைஎஸ்கியூஎல் 8 ஆகவும் புதிய இடத்தில் மரியாடிபியாகவும் இருக்கலாம். டம்ப்பில் 0900 என்று வரும் கொலேஷன் பெயரைப் புதிய சர்வருக்குத் தெரிந்த ஒன்றாக மாற்றினால் ஏறிவிடும். வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் பதிப்பைப் பழைய சர்வரில் இருந்ததற்கே முதலில் வையுங்கள். பதிப்பு உயர்த்துவதெல்லாம் அடுத்த மாதம்.

தள முகவரியை இந்தச் சாக்கில் மாற்றுகிறவர்கள் டம்ப் ஃபைலுக்குள் தேடி மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை எழுத்துகளின் நீளத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது. முகவரி நீளம் மாறினால் கணக்கு இடித்து, விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் காணாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சர்ச் ரீப்ளேஸ் கட்டளை அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

டொமைன் இன்னும் பழைய சர்வரைத்தான் காட்டுகிறது, புதியதை எப்படிப் பார்ப்பது? உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: புதிய சர்வரின் ஐபி முகவரி, ஒரு இடைவெளி, உங்கள் டொமைன். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் போடுங்கள். விண்டோஸில் சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி ஃபோல்டரில் அந்த ஃபைல் இருக்கும். அட்மினாகத் திறந்தால்தான் சேமிக்க விடும். இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் தளம் புதிய இடத்தில் இருக்கும், மற்ற எல்லோருக்கும் பழைய இடத்தில். எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்) எச்சரிக்கை வந்தால் அது எதிர்பார்த்ததுதான்.

பழைய கட்டுரை ஒன்று, தேடல், படம் ஏற்றுதல், தொடர்புப் படிவம், லாகின் எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். நான் அழிக்கவில்லை. மாற்றம் செய்த மறுநாள், ‘தளம் திறக்கவில்லை’ என்று சொன்ன நண்பரிடம் ‘உன் நெட்டைப் பார்’ என்று சொன்னேன். இரண்டு நாள் இப்படியே. என் கம்ப்யூட்டரில் மட்டும் தளம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. டிஎன்எஸ்ஸில் ஐபி எண்ணின் கடைசி இலக்கத்தைத் தப்பாக அடித்திருக்கிறேன். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சரியாக அடித்திருந்ததால் எனக்கு மட்டும் தெரியவே இல்லை. அன்றிலிருந்து இந்த மாதிரிச் சோதனை எல்லாம் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில்தான்.

## 7. டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்

மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல் என்ற எண்ணைக் குறையுங்கள். ‘இந்த முகவரியை இத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்’ என்று உலகத்துக்குச் சொல்வது அது. 14400 என்று இருந்தால் நாலு மணி நேரம். 300 ஆக்கினால் ஐந்து நிமிடம். முதல் நாளே குறைக்கச் சொல்வதற்குக் காரணம், பழைய எண்ணை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அது தீரும்வரை மறுபடி கேட்கமாட்டார்கள்.

முடிந்தால், தளம் எந்த ஐபியில் இருக்கிறது என்று சொல்லும் ஏ பதிவை மட்டும் மாற்றுங்கள், நேம்சர்வரைத் தொடாதீர்கள். டாட் காம் பதிவகத்தில் நேம்சர்வர் தகவலின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது 48 மணி நேரம். அதை உங்களால் குறைக்க முடியாது. ‘48 மணி நேரம் ஆகும்’ என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். டிஎன்எஸ் பழைய ஹோஸ்டிங்கோடு ஒட்டியிருந்தால் நேம்சர்வரை மாற்றியே ஆக வேண்டும். அப்போது முதலில் புதிய இடத்தில் எல்லாப் பதிவுகளையும் எழுதி முடித்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, பிறகு மாற்றுங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவும் டெக்ஸ்ட் பதிவுகளும்தான். ஏ பதிவு விட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும், எம்எக்ஸ் விட்டுப்போனால் மெயில் வரவில்லை என்பதே நாலு நாள் கழித்துத்தான் உறைக்கும்.

மாறும் நேரத்தில் சிலர் பழைய சர்வரிலும் சிலர் புதியதிலும் இருப்பார்கள். பழையதில் யாராவது கருத்து எழுதினாலோ ஆர்டர் போட்டாலோ அது அங்கேயே தங்கிவிடும். அதனால் கடைசி டம்ப் எடுப்பதற்கு முன் பழைய தளத்தில் கருத்து எழுதும் வசதியையும் ஆர்டரையும் நிறுத்துங்கள். வருகை குறைவான நேரத்தில் செய்யுங்கள். ஆனால் புதிய கம்பெனியின் சப்போர்ட் விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும், வார விடுமுறைக்கு முந்தைய இரவு வேண்டாம்.

எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாகப் பல இடங்களில் இலவசமாகவே தருகிறார்கள், தனியாக விற்க வந்தால் வாங்காதீர்கள். வழக்கமான முறையில் டொமைன் புதிய சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகே சான்றிதழ் கிடைக்கும், ஆகவே சில நிமிடம் எச்சரிக்கைப் பக்கம் வரலாம். அதுவும் கூடாது என்றால், டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு நிரூபிக்கும் முறையில் முன்கூட்டியே வாங்க முடியுமா என்று சப்போர்ட்டிடம் கேளுங்கள். அது தானாகப் புதுப்பிக்கப்படும்படி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 90 நாள் சான்றிதழ் என்றால் 91ஆம் நாள்தான் பிரச்சினை தெரியும்.

## 8. மெயிலை மறந்துவிடாதீர்கள்

பழைய சர்வரிலேயே மெயில்பெட்டி இருந்தால், புதிய இடத்தில் அதே பெயரில் பெட்டிகளைத் திறந்து, ஐமேப் (மெயில்களை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகப் பழைய மெயில்களை நகலெடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் மெயில் மென்பொருளில் இரண்டு கணக்கையும் சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டாலே போதும். மெதுவாகத்தான் போகும். பாப்3 முறையில் வைத்திருந்தவர்களுக்கு மெயில்கள் சர்வரில் இல்லாமல் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் ஒரு வாரம் பழைய பெட்டியை வெப்மெயிலில் திறந்து பாருங்கள், தாமதமாக ஒன்றிரண்டு அங்கே விழும்.

உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் என்ற டெக்ஸ்ட் பதிவில் பழைய சர்வரின் ஐபி எழுதியிருக்கும். அதைத் திருத்தாவிட்டால் உங்கள் தொடர்புப் படிவத்திலிருந்து போகும் மெயில்கள் ஸ்பேமில் விழும். மெயிலுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிகேஐஎம் சாவியும் புதிதாகப் போட வேண்டும். என் அறிவுரை, இந்த வாய்ப்பில் மெயிலை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துத் தனிச் சேவைக்குக் கொண்டுபோய்விடுங்கள். தளம் விழுந்தாலும் மெயில் நிற்கும்.

## 9. இப்போது பழைய கணக்கை மூடலாம்

மாற்றியபின் குறைந்தது மூன்று வாரம் காத்திருங்கள். அதற்குள் விட்டுப்போன கிரான் வேலை, மறந்த சப்டொமைன், எங்கோ கோடில் அப்படியே எழுதி வைத்த பழைய ஃபோல்டர் பாதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அடுத்த பில் தேதிக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதால், பில் தேதியைப் பார்த்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள். சில இடங்களில் சில நாள்களுக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும்.

தானியங்கிப் புதுப்பிப்பை அணைப்பதும் ரத்து செய்வதும் வேறு வேறு. இரண்டையும் செய்யுங்கள். தளப் பாதுகாப்பு, கூடுதல் பேக்கப் என்று துணைச் சேவைகள் தனித்தனி வரியாக இருந்தால் ஒவ்வொன்றையும் ரத்து செய்ய வேண்டும். ஹோஸ்டிங்கை மூடினால் அவையும் மூடும் என்று நினைத்து நான் ஒரு மாதம் இல்லாத தளத்துக்குப் பாதுகாப்புக் கட்டணம் கட்டினேன். டொமைன் அங்கேயே இருந்தால் ‘ஹோஸ்டிங்கை மட்டும் ரத்து செய்யுங்கள், டொமைன் தொடரட்டும்’ என்று எழுத்தில் கொடுங்கள்.

ரத்து உறுதி மெயில், டிக்கெட் எண், கடைசிப் பில் மூன்றையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அட்டை விவரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அடுத்த இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டில் அவர்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிக்கெட் எண்ணோடு கேளுங்கள், ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். என்னிடம் பிடித்த தொகையில் பாதிதான் திரும்பி வந்தது. கூடவே ஒரு மெயிலும் வந்தது, ‘திரும்பி வந்தால் முதல் வருடம் பாதி விலை’ என்று. இந்த முறை அது சரியான முகவரிக்கு வந்திருந்தது.